ஏழாவது வளைவில் பாறை

என் கணவர் மரவள்ளிக் கிழங்கை வேனில் ஏற்றிக்கொண்டு கீழே போய், ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு மலையேறுவார். நான் மலைமேல் ஆலத்தூர் நாட்டில் வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுகிறேன். அவருக்கு மலை ரோடு, எனக்கு நெட். மழை வந்தால் இரண்டையும் நம்ப முடியாது.

என் வேலையில் பாதி, குப்பையாக வந்து குவியும் எழுத்துகளிலிருந்து வேண்டியதை மட்டும் பொறுக்குவது. அதற்குத்தான் ரெகுலர் எக்ஸ்பிரஷன். புள்ளி, நட்சத்திரம், அடைப்புக்குறி என்று அடையாளங்களைக் கோத்து எழுதிக் கொடுத்தால், அதற்குப் பொருந்துவதைக் கணினி தேடி எடுக்கும். முதலில் பார்த்தபோது கோழி கிளறிய வாசல் போலிருந்தது. பல மாதங்கள் எனக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. பிடிபட்ட பிறகு தலைகால் புரியவில்லை, எதைப் பார்த்தாலும் அதிலேயே எழுதத் தோன்றியது.

அப்படி எழுதியதுதான் மழைக்கால ஏற்பாடு. மலை டிரைவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. குட் மார்னிங் பூக்கள், மிளகு விலை, யாருடைய மச்சான் கல்யாணமோ, இவற்றுக்கு நடுவே ரோடு அடைபட்ட சேதியும் வரும். நாங்கள் ரோட்டில் இடம் சொல்வதே வளைவு எண்ணை வைத்துத்தான். அடிவாரத்தில் ஒன்று, உச்சியில் எழுபது. அந்த எண்ணையும், பாறை, மரம் போன்ற சொல்லையும் மட்டும் பிடித்து என் போனில் ஒரு வரி காட்டும்படி செய்தேன். ஐந்து, எட்டு என்று நானே சில சேதிகள் அடித்துச் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தது. அன்று வீட்டில் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அவருக்குப் போன் போட்டேன்.

"எங்க வந்துட்டிருக்கீங்க?"

"ஏழாவது வளைவுல நிக்கறேன் கண்ணு. வண்டி சூடாயிருச்சு. தண்ணி ஊத்திட்டு வாரேன்."

போனை வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். என் ஏற்பாடு ஒலித்தது. 'வளைவு 7. பாறை.'

அவர் நிற்கிற அதே வளைவு. திரும்பத் திரும்ப அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பாறை எப்போது விழுந்தது என்று பார்க்கக் குழுவைத் திறந்தேன். நெட் சுற்றிச் சுற்றி ஒருவழியாக வந்தது. எங்கள் மலையிலேயே குண்டூர் நாட்டு டிரைவர் ஒருவர் எழுதியிருந்தார்: "37வது வளைவுல பாறை உருண்டு ரோட்ட அடச்சிருச்சுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. கீழிருந்து யாரும் வராதீங்க."

முப்பத்தேழு. மூன்று எங்கே போனது?

எண்ணுக்கு முன்னால் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதற்காக ஒரு புள்ளியும் நட்சத்திரமும் போட்டிருந்தேன். அந்த ஜோடி பெருந்தீனிக்காரர்கள். முடிந்த மட்டும் விழுங்கிவிட்டு, எண்ணுக்கென்று ஒரே ஓர் இலக்கத்தைத்தான் மிச்சம் வைப்பார்கள். ஒற்றை இலக்கமாகவே கொடுத்துச் சோதித்த எனக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

தான் எழுதியதில் பிழை கண்டு யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள். நானோ அந்தப் பிழையைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சியிருப்பேன். நட்சத்திரத்தின் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டேன். போதுமான அளவு மட்டும் எடு என்று அர்த்தம். அதே சேதியை மறுபடி கொடுத்தேன். 37 என்று வந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து அவரே கூப்பிட்டார். "ஓடையில தண்ணி மொள்ளப் போனேன், அங்க டவர் இல்ல. இந்த ஓட்ட வண்டிய வெச்சுக்கிட்டு ஒரே ரோதனை."

"வண்டிய எடுக்காதீங்க. முப்பத்தேழுல பாறை உழுந்து கெடக்குதாம்."

"அப்படியா? சரி, நீ ஏன் அழுவற?"

"என் புரோகிராம்ல ஒரு தப்புங்க."

"அதத் திருத்திக்கலாம். அதுக்குப் போயி அழுவாங்களா?"

"திருத்திட்டேனுங்க. நல்லவேளை, தப்பா இருந்துச்சு. அதுக்குத்தான் அழுவறேன்."