ஈயும் ‘புட் அப் வித்’தும்

கோழிப்பண்ணை ஊர்களில் சாப்பிடும்போது இடது கைக்கும் வேலை உண்டு. மழை ஓய்ந்த வாரங்களில், புதுச்சத்திரத்தில் அது தட்டுக்கு மேலே ஈ விரட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு ஒத்துவரவில்லை. பரமத்தி வேலூரில் கொடிக்காலை ஒட்டி ஒரு வீடு பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் வெற்றிலை வாசம், ஆற்றுக் காற்று. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் வகுப்புக்குப் பாய் விரிக்கப் போய்விட்டாள்.

இதற்கு முன் குமாரபாளையத்தில் தறிச்சத்தம், ராசிபுரத்தில் மொட்டைமாடிச் சூடு, மல்லசமுத்திரத்தில் பக்கத்து வீட்டு நாய். எனக்குக் கிளம்பக் காரணமா கிடைக்காது? அவள் நடத்தும் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் ஆள் சேரும் நேரம் பார்த்து, வாசலில் டெம்போ வந்து நிற்கும். இந்த ஊரில்தான் முன்னறை நிறைந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் பாடம், ‘புட் அப் வித்’. நான் உள்ளே எழுதுகிற பாவனையில் காதை வெளியே வைத்திருந்தேன்.

“பிடிக்காததப் பொறுத்துக்கிட்டு இருக்கறதுங்க,” என்றாள் மனைவி. “மைசூர்பாகை யாரும் ‘புட் அப் வித்’ பண்றதில்லை. பிடிக்காதது பிடிச்சுப் போச்சுன்னா இந்தச் சொல்லே வேண்டியதில்லை.”

ரிக் லாரியில் வெளியூருக்குப் போர்வெல் போடப் போகிறவரின் மனைவி முந்திக்கொண்டாள். “எங்கூட்டுக்காரரு ஊருக்கு வந்தா டிவி ரிமோட்டக் கீழ வெக்கறதில்லைங்க. ஐ புட் அப் வித் ஹிம்.”

சிரிப்பு அடங்கியதும் பண்ணைக்கார அம்மா சொன்னார்: “எங்க பண்ணை ஈய இந்த ஊரே புட் அப் வித்துங்க.”

“ஊரேன்னு சொல்லாதீங்க,” என்றாள் மனைவி. “இந்த ஊட்டுக்குள்ள முடியாதுன்னு ஒருத்தரு இருக்காரு.”

“முடியாதுன்னா எப்படிச் சொல்றதுங்க டீச்சர்?”

“ஐ வோன்ட் புட் அப் வித் ஷிஃப்டிங்.” இது கொஞ்சம் சத்தமாக வந்தது. “ஷிஃப்டிங்னா ஊடு மாத்தறதுங்க.”

ரிக் லாரிக்காரர் மனைவி நோட்டை மூடினாள்.

“எங்கீங்க டீச்சர் போறீங்க?”

“நான் எங்கயும் போகலைங்க. சார் போறாராம்.”

எழுதிய வரியை அடித்தேன். இன்னொன்று எழுதி அதையும் அடித்தேன். வெற்றிலை வாசம் மூக்கில் இருந்தது. வெளியே பாடம் நின்றிருந்தது. கைபேசியை எடுத்து வேலூர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

“வரலைங்க.”

“ஏனுங்க, தண்ணியெல்லாம் நல்லா வருதுங்களே?”

“உங்க ஊட்டுல ஒரு குறையும் இல்லைங்க. எங்க ஊட்டுல வகுப்பு நடக்குதுங்க, அதான்.”

வைத்ததும் முன்னறை மூச்சு விட்டது. பண்ணைக்கார அம்மாவின் குரல் வந்தது: “ஈ ஒட்டற அட்டை பண்ணைல இருக்குதுங்க. சாருக்கு ஒண்ணு கொண்டாரேனுங்க.”

“ரெண்டாக் கொண்டாங்க,” என்றாள் மனைவி. “எழுதற மேசைக்கு ஒண்ணு தனியா வேணும்.”