மர ஸ்கேலைப் பிடித்து நடந்த பிள்ளைகள்

1. முதல் நாள்

குடவாசலில் மாதர் சங்கம் நடத்திய பாலர் பள்ளியில் நான் துணை டீச்சராகச் சேர்ந்த அன்று, பெரிய டீச்சரான ராஜம் டீச்சர் என் எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்டை வாங்கிப் பார்க்கவே இல்லை.

"உனக்குச் சத்தம் வருமா?" என்று கேட்டார்.

"வரும் டீச்சர்."

"அது போதும். பாடம் நான் நடத்திக்குவேன். பிள்ளைங்க கூச்சல் போடாம பாத்துக்கறதுதான் உன் வேலை. பொங்கலுக்குள்ள அடக்கிக் காட்டு, கமிட்டில சொல்லி நிரந்தரம் பண்ணிடறேன். இல்லேன்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

ரோஷம் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்தக் குறுவை அறுப்பில் கூலி உயர்வு கேட்டு வயலில் கொடி நட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக்கொண்டார். கொடி பிடித்தவர்களுக்கு அதன் பிறகு எந்த வயலிலும் வேலை கிடைக்கவில்லை. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

புது ஆட்சி வந்திருந்த காலம் அது. எல்லோரும் சமம் என்று சுவருக்குச் சுவர் எழுதியிருந்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் தெருப் பிள்ளைகள் சிலரைக்கூடக் கட்டணமில்லாமல் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். செல்வி அவர்களில் ஒருத்தி. பள்ளிக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்த பண்ணையாரின் பேத்தி கௌரியும் அதே வகுப்பு.

2. கை

சத்தம் போட்டு அடக்குவதெல்லாம் இரண்டு வாரம்தான். நான் கத்தக் கத்தப் பிள்ளைகளும் கத்தின. தொண்டை கட்டிப்போய்ப் பேச முடியாத ஒரு நாள், வேறு வழியில்லாமல் ஒரு வால் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து உச்சந்தலையில் கையை வைத்தேன். அடங்கிவிட்டது. ஒன்றுக்குத் தூக்கம், ஒன்றுக்குத் தாகம், ஒன்றுக்கு அம்மா ஞாபகம். தொட்டால் தெரிந்துவிடும். வேலை பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கௌரியிடம் மட்டும் பலிக்கவில்லை. நான் தலையைத் தொட்டால் சிலேட்டைத் தூக்கி எறிவாள், பக்கத்தில் இருப்பவளைக் கடிப்பாள். ஒன்றுக்கு விடும் நேரத்தில் என் கையைப் பிடிக்க மாட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொள்வாள். அடங்காத பிள்ளை, இன்னும் கொஞ்சம் பாசமாக இருந்தால் சரியாகிவிடும் என்று நான் மேலும் மேலும் தொட்டேன்.

மார்கழியில் ஒரு காலை, மற்றவர்கள் விளையாடப் போன பிறகு, ஈரப் பாவாடையோடு மூலையில் நின்றவளிடம் தள்ளி உட்கார்ந்தே கேட்டேன்.

"ஏன் பாப்பா எங்கூட வர மாட்டேங்கிறீங்க?"

நாலு வயதுப் பண்ணை வீட்டுப் பிள்ளைக்கு நான் போட்ட மரியாதை அது. அவள் எனக்குப் போடவில்லை.

"நீ தொட்டா சாயங்காலம் கிணத்தடில தலைக்கு ஊத்துவாங்க. பச்சத் தண்ணி. குளுரும்."

"நான் தொட்டது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அத்தை கேப்பாங்க. இன்னைக்கு யாரு தொட்டாம்பாங்க. நான் சொல்லுவேன்."

ஐப்பசியிலிருந்து நான் பாசமாகத் தொட்டதற்கெல்லாம் அந்தப் பிள்ளை கிணற்றடியில் நடுங்கியிருக்கிறது. என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. தீட்டு எனக்குப் புதிதல்ல. ஆனால் அதற்கு முன்னால் எனக்கு வந்ததெல்லாம் கோபம். அன்றைக்குத்தான் வெட்கம் வந்தது.

3. ஸ்கேல்

ராஜம் டீச்சரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"பெரிய எடம். அதையெல்லாம் நாம பேச முடியுமா? இந்தா," என்று மேஜையிலிருந்த மர ஸ்கேலை எடுத்துக் கொடுத்தார். "ஒரு முனைய நீ புடி, ஒரு முனைய அது புடிக்கட்டும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

கௌரி சமர்த்தாக ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நனைப்பது நின்றது, கடிப்பது நின்றது. பெரிய வீட்டுப் பாப்பா பிடிப்பதைப் பார்த்து எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேல் வேண்டியிருந்தது. டீச்சர் இன்னும் நாலு ஸ்கேல் வாங்கிப் போட்டார். என் கையைப் பிடிக்க யாரும் வரவில்லை.

கமிட்டி பார்வைக்கு வந்தபோது பிள்ளைகள் வரிசை கலையாமல் நடந்தார்கள். வந்தவர்களில் பண்ணையாரும் இருந்தார்.

"பட்டாளம் மாதிரில்ல நடக்குதுங்க," என்றார். "இந்தப் பொண்ணையே வச்சுக்கங்க."

வேலை நிரந்தரமானது. அப்பா சந்தோஷப்பட்டார். எதை வைத்து நிரந்தரமானது என்று அவரிடம் சொல்லவில்லை. கொடி பிடித்ததற்காக வேலையை இழந்தவரிடம் ஸ்கேல் பிடித்து வேலை வாங்கியதை எந்த வாயால் சொல்வது?

பொங்கல் லீவு முடிந்த வாரம் செல்வி முற்றத்தில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். ஓடிப்போய்த் தூக்கக் கையை நீட்டினேன். என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் பிள்ளை அது. ரத்தம் வழிய வழியக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

"ஸ்கேலு எடுத்துட்டு வாக்கா," என்றது.

4. பொய்

ஸ்கேல்களை எடுத்து பீரோ மேல் போட்டேன். ராஜம் டீச்சர் ஒரே கேள்விதான் கேட்டார். "அப்ப கௌரிக்கு என்ன பண்ணுவ?"

அன்று மாலை பண்ணை வீட்டு வண்டி வருமுன் கௌரியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"கௌரி, அத்தை கேட்டா யாரும் தொடலன்னு சொல்லிடு."

"பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்."

"குத்தாது. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

கையை நீட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டுப் பிடித்தாள். வண்டிச் சத்தம் கேட்கும் வரை முற்றத்தில் நடந்தோம். வீட்டில் மாட்டிக்கொண்டால் என் வேலையும் போகும், அவளுக்குத் தண்ணீரும் விழும். இரவு தூக்கமில்லை.

மறுநாள் காலை வண்டியிலிருந்து இறங்கியவள் நேரே வகுப்புக்குள் என்னிடம் வந்து, இரண்டு கண்ணையும் அகல விரித்துக் காட்டினாள்.

"குத்தல," என்றாள். கையைக் கொடுத்தாள்.

நான் முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒரு பொய். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை.

இத்தனை வருஷம் கழித்து, வகுப்பு அடங்கவில்லை என்று என்னிடம் வரும் துணை டீச்சர்களுக்கு ஒன்றுதான் சொல்கிறேன். அடங்காத பிள்ளை எதற்குப் பயப்படுகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு பிள்ளையை அடக்க நீங்கள் செய்வதை மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

கௌரி ஒரே ராத்திரியில் மாறிவிட்டாள். செல்விக்கு அப்படி இல்லை. கோடை லீவு வரைக்கும், என் கையைப் பிடிக்குமுன் தன் கையைப் பாவாடையில் அழுத்தித் துடைத்துக்கொள்வாள். ஏன் துடைக்கிறாய் என்று கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.