பூ அந்தப் பக்கம்

ஒன்பது வயதில் எனக்குத் திரைச்சீலைகளைப் பற்றி ஒரு கடைக்காரருக்குத் தெரிந்த அளவு தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த வயதில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியது வேறு எவ்வளவோ இருந்தது. அதெல்லாம் தெரியாமல் இது மட்டும் தெரிந்திருந்தது.

சொல்லிக்கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. சென்னையில் ஒரு பெரிய கடையில் ஜன்னல் துணி விற்கும் பிரிவில் கொஞ்ச காலம் நின்றவர். அவர்கள் அனுப்பினார்களா, இவராக வந்தாரா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. வரும்போது தலையணைக் கனத்தில் ஒரு சாம்பிள் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதில் எழுத்து இல்லை, பக்கம் பக்கமாகத் துணித் துண்டுகள்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுப்பார்.

துணியின் தலைப்பில் இரும்பு வளையம் வைத்துக் கம்பியில் கோத்தால் ஐலெட். புடவைக் கொசுவம் மாதிரி மடித்து மடித்துத் தைத்தால் ப்ளீட். கம்பி தெரியாமலிருக்க மேலே குட்டையாகத் தொங்குவது வேலன்ஸ். வெளிச்சத்தை உள்ளே விடும் மெல்லிசுத் துணி ஷீர். வெயிலே புகாதது பிளாக்அவுட். துணியை ஓரமாக ஒதுக்கிக் கட்டும் பட்டை டை-பேக். நல்ல துணிக்குப் பின்னால் வைத்துத் தைக்கும் வெற்றுத் துணி லைனிங்.

"லைனிங்னா இன்னா சொல்லு?" என்று கேட்பார்.

"வெளியாளுங்க பாக்கற பக்கம், மாமா. வெயிலு, தூசி எல்லாம் அது வாங்கிக்கும். பூப்போட்ட துணி வெளுக்காம இருக்கும்."

"கரெக்ட். இதெல்லாம் சேத்து விண்டோ ட்ரீட்மென்ட்."

ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அத்தை இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஜன்னலுக்கு ட்ரீட்மென்ட்டா? ஏம்பா, அதுக்கு இன்னா, ஜுரமா பேதியா?"

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது.

அத்தை அப்பாவின் அக்கா. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போனது. கல்யாணம் ஆகவில்லை. மோட்டார் வைத்த தையல் மெஷினில் தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். புடவைக்கு ஓரம் அடிப்பாள். எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மலையைப் பார்த்தபடி இருந்தது. தாத்தா கட்டிய வீடு. ஹாலில் இருந்த அந்த ஜன்னலை அவர் அத்தைக்காகவே வைத்தார். கோயிலுக்கோ கிரிவலத்துக்கோ போக முடியாத பெண், மலையாவது வீட்டுக்குள் வந்து தெரியட்டும் என்று ஒரு கட்டில் நீளத்துக்கு ஜன்னல் வைத்து, அதன் கீழே கட்டிலையும் போட்டுக் கொடுத்தார். உச்சி வரைக்கும் தெரியும்.

கார்த்திகை தீபத்தன்று எங்கள் வீட்டில் அத்தைதான் பெரிய மனுஷி. சாயங்காலம் ஆனதும் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவோம். அம்மா அகல்களில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தாம்பாளத்தில் அடுக்கிவைத்துக்கொண்டு, "அண்ணி, ஏத்தலாமா?" என்று கேட்டபடி நிற்பாள். மலைமேல் தீபம் தெரிந்ததும் அத்தை, "ஏத்து!" என்று கத்துவாள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் தீக்குச்சி உரசுவோம். பின் தெருவில் லாட்ஜுகள் எழும்பி மலையை மறைத்துவிட்ட பிறகு, அங்கேயிருந்தும் பெண்கள் குரல் கொடுப்பார்கள். "அக்கா, தெரியுதா?" அத்தை சொன்னால்தான் அவர்களும் ஏற்றுவார்கள். வருஷம் முழுக்க யாரும் எதுவும் கேட்காத ஒருத்தியை அன்றைக்கு ஒரு தெருவே கேட்டது.

அந்த ஜன்னலைத்தான் மாமா அளந்தார்.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்போது அறை வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், தியானத்துக்கு வந்தவர்கள், தியானத்துக்கு வந்தவர்களைப் பார்க்க வந்தவர்கள். மலை தெரிகிற அறைக்குத்தான் மவுசு. மாமா அப்பாவிடம் சொன்னார், "மாமா, இந்த வியூவ வச்சிகினு சும்மா குந்திகினு இருக்கீங்க." அப்பாவுக்கு யாராவது யோசனை சொன்னால் போதும். நல்ல யோசனையா என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

துணி வந்தது. கிரீம் கலரில் சிவப்பு, மஞ்சள் பூக்கள், பச்சைக் கொடி. சாம்பிள் புத்தகத்திலிருந்து அதைத் தேர்ந்தெடுத்ததே அத்தைதான். "உன் ஜன்னலுக்குக்கா, நீயே எடு" என்றார் அப்பா. தைத்ததும் அவள்தான். வெளியே கொடுத்தால் கூலி ஜாஸ்தி என்றார் மாமா.

துணியைப் பிரித்ததும் அத்தை முழம் போட்டுப் பார்த்தாள். "இன்னாப்பா இது, ஜன்னலுக்கு இவ்ளோ நீளமா?"

"ஃப்ளோர் லெங்த்துக்கா. இப்பல்லாம் தரை வரைக்கும் உழுந்தாதான் ஃபேஷன்."

"சரி. அகலம்? இது ரெண்டு ஜன்னலுக்கு வருமே."

"அதுக்குப் பேரு ஃபுல்னெஸ். ஜன்னல் அகலத்துக்கு ரெண்டு மடங்கு துணி வேணும். கம்மியா வச்சா துவைச்ச வேட்டிய காயப்போட்ட மாதிரி இருக்கும்."

இரண்டும் பொய் இல்லை. எந்தக் கடையில் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். பொய் சொல்வதற்கு உண்மையான வார்த்தைகளே போதும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. நான் இன்னும் 'அவர்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். பழக்க தோஷம்.

அத்தை நம்பினாள். நம்பாமல் என்ன, வீட்டில் முதல்முறையாக அவளுக்கென்று ஒரு பொருள் வாங்கியிருக்கிறார்கள். ராவும் பகலுமாகத் தைத்தாள் என்று சொல்லமாட்டேன், ஜாக்கெட் வேலைக்கு நடுவில் தைத்தாள், ஆனால் ஜாக்கெட்டுக்குக் காட்டாத பொறுமையைக் காட்டினாள். லைனிங் சுருங்கிவிடக் கூடாது என்று முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தாள். ஓரத்தைக் கையால் தைத்தாள். "தெரு ஜனம் பாக்கற பக்கம் அசிங்கமா இருக்கக் கூடாது இல்ல?" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தபடி பெயர்களை ஒப்பிப்பேன். வேலன்ஸ் என்ற சொல் அவள் வாயில் கடைசிவரை நுழையவில்லை. "அந்த நெத்திச் சுட்டி" என்பாள்.

தீபத்துக்குச் சில நாட்கள் முன்பு, காலை வேளையில் அப்பா தானாகவே சொன்னார்: "அக்கா, காலு வலிக்குதுன்னியே, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வா. ஆட்டோ சொல்லிட்டேன்." அம்மாவையும் கூட அனுப்பினார். அத்தைக்குக் கால் வலிப்பது அப்பா பிறந்த நாளிலிருந்து இருக்கிற விஷயம். அவராக ஆட்டோ பிடித்துக் கொடுத்தது அன்றுதான். அம்மாவுக்கு முன்பே தெரியும். அவள் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினாள்.

அவர்கள் போனதும் மாமா டிரில்லிங் மெஷினை எடுத்தார். துளை போட்டது ஜன்னலுக்கு மேலே இல்லை. ஹாலுக்கு நடுவில், சுவருக்குச் சுவர். வீட்டை இரண்டாக வெட்டின மாதிரி கம்பி போட்டு, அதில் அத்தை தைத்த துணியைக் கோத்தார்கள். நீளமும் அகலமும் மிகச் சரியாக இருந்தன. எனக்கு ஒரே குதூகலம். கூத்துக்குப் படுதா கட்டினது போல இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்து இழுத்து விளையாடினேன். இதற்கு ரூம் டிவைடர் என்று பெயர் என்றார் மாமா. அந்தப் பெயரை அதுவரை அவர் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜன்னலும் வாசல் கதவும் அந்தப் பக்கம் போயின. சமையல்கட்டும் பின்கதவும் இந்தப் பக்கம். அத்தையின் கட்டில் இந்தப் பக்கம் வந்தது. ஜன்னலடியில் புது மெத்தை போட்டார்கள்.

ஆட்டோ அன்றைக்குப் பின்சந்தில் வந்து நின்றது. அத்தை பின்வாசலில் கைத்தடியை ஊன்றி ஏறி வந்தாள். எதிரே தரைக்கும் கூரைக்குமாகத் துணி. அவள் உற்றுப் பார்த்தாள். எங்கள் பக்கம் இருந்தது லைனிங். தையல்கள், மடிப்பின் முதுகு, அவள் கையால் போட்ட ஓரம்.

"பூ எங்க?" என்று கேட்டாள். அதுதான் அவள் முதலில் கேட்டது.

"பூ அந்தப் பக்கம் அத்தை," என்றேன்.

"நாலு நாள்தான்க்கா," என்றார் அப்பா. "தீபம் முடிஞ்சதும் கழட்டிடலாம்."

தீபத்துக்கு முந்தின நாள் பெங்களூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்து இறங்கினார்கள். நல்ல மனிதர்கள். அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அப்பா என்னைக் கூப்பிட்டு அவர்கள் எதிரில் நிறுத்தினார். "பேரெல்லாம் சொல்லு பாப்பா." ஒப்பித்தேன். ஐலெட், ப்ளீட், வேலன்ஸ், ஷீர். அந்த அம்மா கைதட்டி ஒரு சாக்லெட் கொடுத்தாள். அப்பா பூரித்துப்போனார். நான் படித்ததற்காக அவர் பூரித்த வேறு சந்தர்ப்பம் நினைவில் இல்லை.

தீபத்தன்று மத்தியானத்திலிருந்தே அத்தை தலை வாரி, பட்டுப்புடவை கட்டி, தயாராக இருந்தாள். அப்பா அந்தப் பக்கம் போகும்போது நிறுத்தினாள்.

"தம்பி, ஆறு மணிக்கு ஒரு நிமிஷம், இந்தத் துணிய இவ்ளோதான் தள்ளேன். நான் இங்கியே குந்திகினு பாத்துக்கறேன். உள்ளகூட வரமாட்டேன்."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா சொன்னார், "பிரைவசிக்கா. அவங்க அதுக்குத்தான் வந்திருக்காங்க."

"அப்டினா?"

அதற்கு மட்டும் மாமா விளக்கம் சொல்லவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்க்கா," என்றார் அப்பா.

மாடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். மாடியையும் வாடகைக்கு விட்டிருந்தார்கள், அங்கே வேறு ஒரு கூட்டம். தெருவில் நிற்கவைத்திருக்கலாம். அன்றைக்கு அந்தத் தெருவில் இரண்டு காலும் நன்றாக இருப்பவர்களே நிற்க முடியாது. இதையெல்லாம் இன்று யோசிக்கிறேன். அன்று யோசித்திருக்க வேண்டிய வயதில் இருந்தவர்கள் யோசிக்கவில்லை.

சாயங்காலம் விளக்குகளை அணைத்தோம். அம்மா தாம்பாளத்தோடு வந்து வழக்கமான இடத்தில் நின்றாள். அத்தை கட்டிலில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை போலும், எப்போதும் கேட்பதையே கேட்டாள்.

"அண்ணி, ஏத்தலாமா?"

அத்தை கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பின் தெருவிலிருந்து குரல் வந்தது. "அக்கா, தெரியுதா?"

மறுபடியும் கேட்டார்கள். "அக்கோவ்! தெரியுதா இல்லியா?"

திடீரென்று ஊர் முழுக்க வெடி வெடித்தது. மலைப்பக்கமிருந்து அரோகரா என்ற சத்தம் அலை மாதிரி வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பெங்களூர் அம்மா ஏதோ சொல்லி விம்மினாள். "ஏத்துங்க, ஏத்துங்க," என்று அப்பா அங்கிருந்து கத்தினார். ஆம், அப்பா அந்தப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மாமாவும். பிரைவசிக்கு அவர்களால் பங்கம் ஒன்றும் இல்லை.

அம்மா ஏற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் திரையை விலக்கிக்கொண்டு அந்த அம்மா வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "நீங்க எல்லாம் இங்கியா இருந்தீங்க? மாடியில இருக்கீங்கன்னு நெனச்சேன். கூப்பிட்டிருந்தா வந்திருக்கலாமே, எவ்ளோ எடம் இருந்தது!"

பின்னாலேயே வந்த அப்பா சொன்னார், "நாங்க வருஷா வருஷம் பாக்கறதுதானே மேடம்."

நாலு நாளில் திரை கழலவில்லை. இன்றுவரை கழலவில்லை, துணி மட்டும் மாறியிருக்கிறது. தை மாதம் அத்தை மெஷினைத் தூக்கி வண்டியில் வைக்கச் சொல்லி, ஆரணிப் பக்கம் ஒரு தூரத்துச் சொந்தக்காரி வீட்டுக்குப் போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை என்று அப்பா இன்றும் சொல்கிறார். அது நிஜம். யாரும் சொல்லவில்லை. அவள் அங்கேயே செத்தாள். அங்கிருந்து மலை தெரியாது.

ஆனால் எனக்கு அந்தத் தீப இரவுதான் மனதில் நிற்கிறது. விருந்தாளிகள் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். அகல்கள் எரிந்துகொண்டிருந்தன. அத்தை கட்டிலில் சாய்ந்தபடி கையை நீட்டித் தான் போட்ட ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"பாப்பா, இந்தப் பக்கத்துக்கு இன்னாவோ பேர் சொல்லுவியே?"

"லைனிங், அத்தை."

"அப்டினா?"

இதற்குத்தான் நான் காத்திருந்தேன். நிமிர்ந்து நின்று, மாமா சொல்லிக்கொடுத்தபடி ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். "வெளியாளுங்க பாக்கற பக்கம்."

அத்தை சிரித்தாள். "உங்க மாமன் சரியாத்தான் சொல்லிக் குடுத்திருக்கான்," என்றாள்.

அவள் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மிச்சப் பெயர்களையும் சொல்லட்டுமா என்று கேட்டேன்.