நோயாளி உள்ளே, பெட்ரோல் மேலே

ஆகாய விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றுகிறவனைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: பீடி பிடிக்கிறவர்கள், 'அணைச்சுட்டேம்பா' என்று சொல்லிக்கொண்டே பீடி பிடிக்கிறவர்கள். நாலு பேர் மத்தியில் 'அதைத் தொடாதே, இங்கே நிற்காதே' என்று கத்துவதற்காகவே சம்பளம் வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நீங்களும் நானும் ஒரே கட்சி.

யுத்த காலத்தில் ஆவடி ராணுவ முகாமை ஒட்டிய விமானத் திடலில் நான் பெட்ரோல் மேஸ்திரி. பாடியிலிருந்து தினமும் சைக்கிளில் போவேன். பர்மா பக்கமிருந்து காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றி வரும் விமானங்கள் எங்களிடம் இறங்கி, பெட்ரோல் போட்டுக்கொண்டு பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும். ஆட்களைக் கொட்டகைக்கு இறக்கிய பிறகுதான் நாங்கள் குழாயைத் தொடவேண்டும். ஆனால் அசைத்தாலே ஆபத்து என்கிற நிலையில் சிலர் இருப்பார்கள். அவர்களை இறக்க முடியாது. அப்போது நர்ஸ் 'ஆள் உள்ளே!' என்று குரல் கொடுப்பார். அதன்பிறகு சட்டமே வேறு. கதவு விரியத் திறந்திருக்கவேண்டும். கதவுக்கு எதிரே வழியில் ஒரு துரும்பு கிடக்கக்கூடாது. ஆணி அடித்த பூட்ஸ், அடுப்பு, நெருப்பு எதுவும் கிட்டே வரக்கூடாது. தீப்பிடித்தால் நோயாளியைத் தூக்கி வரக் கதவண்டை ஸ்ட்ரெச்சர் ஆட்கள் நாலு பேர் வெறுங்கையோடு நிற்கவேண்டும். இந்தக் கடைசி விதிதான் எல்லார் கண்ணையும் உறுத்தியது.

முளைக்குத் தண்ணீர்

பெட்ரோல் ஓடும்போது குழாயிலும் விமானத்திலும் மின்சாரம் சேரும். ஒரு பொறி போதும், கதை முடிந்துவிடும். அதனால் தரையில் ஓர் இரும்பு முளையை அடித்து, அதிலிருந்து விமானத்துக்குக் கம்பி மாட்டுவோம். மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆனால் ஆவடி வெயிலில் மண் ஓடாய்க் காய்ந்து கிடக்கும். காய்ந்த மண்ணில் அது இறங்காது. எனவே ஒவ்வொரு தடவையும் முளையின் காலடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் இறக்கைமேல் ஏறுவேன்.

ஸ்ட்ரெச்சர் ஆட்களுக்குத் தலைவன் அருளப்பன். அம்பத்தூர்க்காரன். பனைமரம் மாதிரி உடம்பு, அதைவிட நீளமான வாய். அவனும் அவனுடைய மூன்று ஆட்களும் கதவண்டை சும்மா நின்றுகொண்டு என்னையே வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் அவன் கேட்டான்: "இன்னா மேஸ்திரி, டெய்லி தண்ணி ஊத்திகினே கீறியே, எப்போ காய்க்கும்? காய்ச்சா நம்ம ஊட்டுக்கும் ரெண்டு அனுப்பு!"

சும்மா நிற்கிற உத்தியோகம்

புதிதாக வந்த வெள்ளைக்காரக் கேப்டன் துரைக்குச் சும்மா நிற்கிற மனிதனைக் கண்டால் ஆகாது. ஒருநாள் விமானத்தில் ஆள் உள்ளே. நான் இறக்கைமேல். துரை வந்தார், நால்வரையும் பார்த்தார், கிடங்கில் மூட்டை இறக்கப் போகச் சொல்லிவிட்டார். அவர்கள் போனார்கள். நான் குழாயை மூடிவிட்டு இறக்கையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். துரை கத்தினார். எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் வராது, தமிழும் சரியாக வராது. "அவங்க வந்தாத்தான் பெட்ரோல்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

நடுவில் வந்தவர் நர்ஸ் கிரேஸ் சிஸ்டர். பூந்தமல்லிக்காரர். நோயாளி விஷயத்தில் ஜெனரலுக்கும் பயப்படாதவர். அவர் பேசியதில் அருளப்பன் கூட்டம் திரும்பி வந்தது, பெட்ரோலும் ஓடியது. ஆனால் துரை விடவில்லை. அவர் சொன்னதைச் சிஸ்டர் எனக்குத் தமிழில் சொன்னார்: "இந்த மாசம் முடியிற வரைக்கும் பாப்பாராம். ஒண்ணும் நடக்கலேன்னா அவங்க நாலு பேரும் கிடங்குக்கு, நீங்க ஊட்டுக்கு."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதை ஒழுங்காகச் செய்தால் எனக்கு வேலை இல்லை! உள்ளே படுத்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். நான் போனால் போகட்டும், அந்தக் கதவண்டை ஆள் இல்லாமல் போய்விடுமே என்பதுதான் பெரிய வேதனை. அருளப்பனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்: "கெடங்குல நெழலாச்சும் கீது நைனா!"

ஸ்டெப்னி உற்சவர்

அந்த மாதத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. பெட்ரோல் லாரி டிரைவர் முனுசாமி, கோவில்பதாகை கிராமத்து ஆள், விடியற்காலையிலேயே லாரிக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் கட்டிவிட்டான். நானும் அழகு பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விமானம் இறங்கி, சிஸ்டர் 'ஆள் உள்ளே!' என்றார். லாரியைக் கொண்டுபோய் நிறுத்தினால், முனுசாமி பூசணிக்காயோடு இறங்குகிறான். அதன் தலையில் சூடம். கையில் தீப்பெட்டி! உடைக்கப் பார்த்திருக்கிற இடமோ, ஸ்ட்ரெச்சர் போகிற வழி!

நான் போட்ட கூச்சலில் பைலட்டே எட்டிப் பார்த்தான். தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். முனுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டிக்குச் சூடம் காட்டாமல் ஒரு வருஷம் எப்படி ஓட்டுவது என்றான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. கோவிலில் மூலவர் இருந்த இடத்தை விட்டு அசைவாரா? உற்சவர்தானே தெருவுக்கு வருகிறார்? விமானம் கிளம்புகிற வரைக்கும் பொறுத்திருந்து, லாரியின் ஸ்டெப்னிச் சக்கரத்தைக் கழற்றி, மாலை போட்டு, அருளப்பன் ஆட்கள் ஸ்ட்ரெச்சரிலேயே வைத்துத் தூக்கிக்கொண்டுபோக, முகாம் வாசலில் சூடம் காட்டிப் பூசணிக்காய் உடைத்தோம். திடலே திரண்டு வந்து கும்பிட்டது. பொரிகடலையை மென்றுகொண்டே முனுசாமி சொன்னான்: "மேஸ்திரி, நீ கண்டிப்பான ஆளு, ஆனா சாமிக்கு வழி உட்டுட்டே!"

வாசனைக்குச் சட்டம் உண்டா?

ஒருநாள் கதவு வழியாக எட்டிப் பார்த்தால், இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டுப் போட்ட ஒரு சிப்பாய் வாயில் பீடி. தொண்டை கிழியக் கத்தினேன். அவன் பீடியை எடுத்து என் பக்கம் நீட்டினான். பற்றவைக்காத பீடி. பற்றவைக்கத் தீப்பெட்டியும் இல்லை, வலது கையும் இல்லை. அவன் சிரித்தான்: "சும்மா மோந்து பாத்துகினு கீறேன் அண்ணாத்தே, அதுக்குமா சட்டம்?"

காய்த்தது

மாதம் முடிகிற சமயம். ஆள் உள்ளே, இரண்டு பேர். இருவரும் எழுந்திருக்க முடியாதவர்கள். இன்ஜின்கள் அப்போதுதான் நின்றிருந்தன, சூடு ஆறவில்லை. நான் இறக்கைமேல் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று குழாயை இறுக்கியிருந்த இரும்புப் பட்டை தெறித்தது. பெட்ரோல் என் மார்பில் அடித்து, இறக்கைமேல் வழிந்து, இன்ஜின் பக்கம் ஓடத் தொடங்கியது. "மூடு!" என்று கத்தினேன். முனுசாமி பம்பை மூடினான். ஆளைத் தூக்கச் சொல்லிச் சிஸ்டர் ஊதிய விசில் கேட்டது.

நான் கீழே குதித்துத் திரும்புவதற்குள் அருளப்பன் கதவுக்குள் இருந்தான். என்ன வேகம்! வழியில் தடுக்க ஒரு பெட்டி இல்லை, ஆளைத் தேடிப் போகவேண்டிய அவசியமும் இல்லை. முதல் ஸ்ட்ரெச்சர் வந்தது. இரண்டாவதும் வந்தது. கடைசியாகச் சிஸ்டர் மருந்துப் பையோடு இறங்கினார். காற்றுக்கு எதிர்ப்பக்கம், தூரத்துப் புல்தரையில் அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு இன்ஜின்மேல் 'குப்' என்று தீப்பிடித்தது. தீயணைக்கிறவர்கள் நுரையை அடித்து அணைத்துவிட்டார்கள். இறக்கை ஓரம் கருகியதோடு சரி.

கேப்டன் துரை ஓடி வந்தார். கருகிய இறக்கையைப் பார்த்தார், திறந்திருந்த கதவைப் பார்த்தார், அருளப்பனிடம் போய்க் கை கொடுத்தார். கிடங்கைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. எனக்கு மனசு திருவிழாவாக இருந்தது. பெட்ரோல் நாற்றத்தோடு முளைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அருளப்பன் வந்து, ஈர மண்ணைக் காலால் தொட்டுக் காட்டினான்: "காய்ச்சிடுச்சு மேஸ்திரி! ரெண்டு காய், ரெண்டையும் நாங்களே பறிச்சிட்டோம்!"

ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் தொழில் என்றாலும், ஏதாவது நடந்தால்தான் அது ஒரு தொழில் என்று மற்றவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.