சந்தனப் பொட்டும் காய்ந்த தளமும்

பந்தில் போட்ட துளையை அடைத்துவிடலாம், போடவே இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. எங்கள் தொழிலின் சங்கடம் இவ்வளவுதான். துணியை வெட்டிய பிறகு அளவுச் சீட்டைத் தேடும் தையற்காரர்களே, சுவரைக் குடைந்த பிறகு ஒயர் எங்கே போகிறது என்று யோசிக்கும் எலெக்ட்ரீஷியன்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கல்லிலிருந்து பந்துக்கு

தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு பவுலிங் அரங்கு இருக்கிறது. ஆறு தளங்கள், ஒவ்வொன்றின் கோடியிலும் பத்துக் கட்டைகள். பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். அந்தப் பந்தில் விரல் நுழைய மூன்று துளை போடுவது என் வேலை. அதற்கு முன்னால் சமையலறை கிரானைட்டில் குழாய்க்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். அரங்கின் முதலாளி அரிசி ஆலைக்காரர். துளை போடும் மெஷின் வந்து இறங்கிய பிறகுதான் அதை ஓட்ட ஆள் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. என்னைக் கூப்பிட்டனுப்பினார். இப்படி ஒரு பந்தையே இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றேன்.

"கல்லுலயே ஓட்டை போட்டவரு, உருண்டைல போட மாட்டீங்களா? நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

எண்ணெய்

தளத்தில் பாதிக்கு மேல் எண்ணெய் பூச வேண்டும். எண்ணெயில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் முடிகிற இடத்தில் பலகையைப் பிடித்துத் திரும்பும். இது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று. முதலாளிக்கு இன்னும் புரியவில்லை. திறப்பு விழாவன்று அவருடைய மைத்துனர் வழுக்கி விழுந்தார். அன்றிலிருந்து எண்ணெயைக் குறை, குறை என்று சொல்லித் தளத்தையே காயப்போட்டுவிட்டார். காய்ந்த தளத்தில் பந்து புறப்பட்ட சூட்டிலேயே திரும்பி ஓரத்துப் பள்ளத்தில் விழும்.

எண்ணெய் மெஷினை ஓட்டுவது செல்வி. குத்தாலத்துப் பெண், வீட்டில் இன்னும் நெல் சாகுபடி. பந்து ஏன் இப்படிப் பண்ணுகிறது என்று அவளைத்தான் கேட்டேன்.

"பத்தடிக்கு மேல எண்ணெயே போகலண்ணே. வாய்க்கால்ல தண்ணி விட்டோம்னு சொல்றாங்க, கடைமடை வயல்ல வந்து பாத்தாதானே தெரியும்?"

ஒரே பந்து

நசீர் பாய் அதிராம்பட்டினத்துக்காரர். துபாயில் ஒரு பவுலிங் அரங்கில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். கிளம்பும்போது கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு கருநீலப் பந்து வாங்கிக் கொடுத்திருந்தார்கள். துளை போடாத பந்து. அதில் முதல் தடவை பத்துக் கட்டையும் விழுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்களாம். எங்கள் காய்ந்த தளத்துக்குத் தோதாக லேஅவுட் பார்த்துத் துளை போடச் சொல்லிப் பந்தை என் கையில் வைத்தார்.

பந்துக்குள் கனமான கட்டி ஒன்று இருக்கிறது. அதன் தலை எந்தப் பக்கம் என்று காட்ட, வெளியே ஒரு சின்ன மஞ்சள் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தச் சாய்வில் துளை போடுவது என்பதுதான் லேஅவுட். காய்ந்த தளமென்றால் புள்ளி, பந்து சுழலும் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றது மெஷினோடு வந்த கையேடு. அடுத்த பக்கத்தில், அச்சைவிட்டு வெகுதூரம் தள்ளி இருந்தாலும் சரி என்றது. சென்னையில் தெரிந்தவரைக் கேட்டால் விரல் துளைக்கு மேலே என்றார். கோயம்புத்தூர்க்காரர் கீழே என்றார். எல்லாரும் அடித்துச் சொன்னார்கள், எனக்குத்தான் தலை சுற்றியது. நசீர் பாய் என் முகத்தைப் பார்த்தார்.

"அவசரமே இல்ல தம்பி, நிதானமாப் பண்ணுங்க. என்கிட்ட இருக்கறது இந்த ஒண்ணுதான்."

பட்டு வேட்டிக்காரர்

அந்த வாரம், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அறுபது வயது மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, எங்கள் அரங்கின் பழைய பிளாஸ்டிக் பந்தை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, கால் நடுவே உருட்டிவிட்டார். அது எங்கும் திரும்பாமல் ஊர்ந்து போய்ப் பத்தையும் சாய்த்தது. எந்த லேஅவுட்டும் பார்க்காத பந்து! நாலு நாளாகச் சோறு இறங்காமல் கோணம் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வயிறு எரியாதா? எப்படி சார் என்று கேட்டேவிட்டேன்.

"நேராப் போகணும்னா நேரா விடணும். இதுல என்னங்க யோசனை?"

பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜைக்கு செல்வி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. துளை மெஷின், எண்ணெய் மெஷின், அலமாரியில் இருந்த பந்துகள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மறுநாள் காலையில், புள்ளி அச்சைவிட்டுத் தூரத்திலேயே இருக்கட்டும் என்று ஒருவழியாக முடிவு செய்து நசீர் பாய் பந்தை மெஷினில் மாட்டினேன். மஞ்சள் புள்ளியிலிருந்து அளந்தேன், இரண்டாம் தடவையும் அளந்தேன், மூன்று துளையும் போட்டேன். துணியால் தூசியைத் துடைத்தபோது புள்ளி துணியோடு வந்துவிட்டது. குங்குமம் உதிர்ந்த சந்தனம். நிஜப் புள்ளி பந்தின் பக்கவாட்டில், அச்சை ஒட்டி உட்கார்ந்திருந்தது. கோணத்தையே நினைத்து நினைத்து, கண் முன்னால் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

செல்வி துணியைப் பார்த்தாள், பந்தைப் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளு யோசிச்சிட்டு, நான் வெச்ச பொட்டைத்தான் அளந்தீங்களாண்ணே?"

வீடியோ

ஞாயிற்றுக்கிழமை நசீர் பாய் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடைத்துவிட்டு வேறு இடத்தில் போட்டுத் தருகிறேன், ஆனால் தழும்பு தெரியும் என்றும் சொன்னேன். அவர் விரலை நுழைத்துப் பார்த்துவிட்டுத் தளத்துக்குப் போனார். செல்வி போனைத் தூக்கிப் பிடித்தாள். முதல் பந்து வலப்பக்கமாக ஒதுங்கி இரண்டு கட்டையைத் தட்டியது. இரண்டாவதும் மூன்றாவதும் அதே மாதிரி. எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

நாலாவதற்கு முன்னால் அவர் தன் காலடியைப் பார்த்தார். வலப்பக்கமாக ஓரடி தள்ளி நின்று, பழைய குறியையே பார்த்து, பந்தைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து விட்டார். பந்து பதறாமல் போய், கடைசியில் மெல்லத் திரும்பி, பத்தையும் சாய்த்தது. வீடியோ துபாய்க்குப் போய், அங்கிருந்து சிரிப்பும் கூச்சலுமாகப் பதில் வந்தது. நசீர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன்.

"பந்து மேல தப்பு இல்ல தம்பி. மூணு தடவையும் நான் துபாய்ல நிக்கிற இடத்துலயே நின்னுருக்கேன்."

காய்ந்த தளத்துக்கு எந்த லேஅவுட் சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அளவெடுக்கும் முன் பந்தை ஈரத்துணியால் ஒரு துடை துடைக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.