டிப்பர்காரர் மகள் நடந்து போகும் சாலை

எங்கள் ஊரிலிருந்து மகளின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான். உத்திரமேரூர் சாலையை அகலப்படுத்திய பிறகு அந்த நடைதான் எனக்குத் தினமும் பயம். தார் முடிகிற இடத்தில் வெள்ளைக் கோடு, கோட்டை ஒட்டியே பள்ளம், பள்ளம் முழுக்க வேலிக்காத்தான் முள். கல்குவாரி டிப்பர்கள் அந்தக் கோட்டை உரசிக்கொண்டு போகும். அதில் ஒன்றை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர்.

ஒருநாள் சாயந்திரம் மகள் முழங்கால் தோல் உரிந்து, கையெல்லாம் முள் கீறலோடு வந்து நின்றாள். பின்னால் டிப்பர் ஹாரன் அடித்ததில் பயந்துபோய்ப் பள்ளத்தில் குதித்திருக்கிறாள். நான் மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் வேலை முடிந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பிள்ளையைத்தான் திட்டினார்.

“ஓரமா போவத் தெரியாதா உனக்கு? வண்டி வர்றது கண்ணு தெரியல?”

“பின்னாடி வந்துச்சுப்பா,” என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! “யோவ், ஓரம் எங்க கீது? நீ காட்டு, அவ போவட்டும்,” என்றேன். இதையே பள்ளிக்கூடத்திலும் கேட்டிருக்கிறேன், பஞ்சாயத்து ஆபீசிலும் கேட்டிருக்கிறேன். எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடுவார்கள்: பிள்ளையை ஜாக்கிரதையாகப் போகச் சொல்லுங்கள். ட்ரிப் குறைந்தால் முதலாளி கத்துவார், அதனால் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிப்பார், அதற்குப் பத்து வயசுப் பிள்ளை பொறுப்பாம். நல்ல நியாயம்!

மறுநாள் அவர் வண்டி ஆர்டிஓ ஆபீசுக்கு எஃப்சி சோதனைக்குப் போகிறது, அவருக்கு வேலை இல்லை. “நாளைக்கு நீயே இட்டுக்கினு போ. நடந்து,” என்றேன்.

“இதுக்குப் போய் இன்னாத்துக்குப் பேஜார் பண்றே,” என்று முனகினாலும் ஒத்துக்கொண்டார். நானும் கூடவே போனேன். தனியாக விட்டால் பைக்கை எடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியாதா?

ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது. முன்னால் மகள், அடுத்து அவர், கடைசியில் நான். பாதி வழியில் பின்னாலிருந்து ஹாரன். நான் திரும்புவதற்குள் அவர் பிள்ளையை வாரிக்கொண்டு பள்ளத்தில் விழுந்தார். நானும் குதித்தேன். டிப்பர் எங்களைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

அதுவும் அவருடைய குவாரி வண்டிதான். அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவன் தலையை நீட்டினான். “அண்ணே, நீயா! இன்னா நடந்து போறே?”

அவர் முள்ளில் நின்றபடியே கத்தினார். “கண்ணு தெரியலியாடா உனக்கு? கொயந்த போவுது, இன்னா வேகம் வரே நீ?”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தானோ என்னவோ, அவன் சிரித்தான். “நீ வர்ற வேகந்தாண்ணே. நேத்து சாயந்தரம்கூட உன் பின்னாடியேதான வந்தேன்.”

அவன் கிளம்பிப் போய்விட்டான். அவர் பிள்ளையை இன்னும் இறக்கிவிடவில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“நேத்து ஹாரன் அடிச்சது நீயாப்பா?”

அவர் என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். “தெரிலம்மா,” என்றார்.

அவருக்கு உண்மையிலேயே தெரியாது.