ஒரு பக்கம் மட்டும் போட்ட சரள்

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எட்டயபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, கோவில்பட்டி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜன்னலோர இடம், மழை விட்ட காற்று. மனசுக்குள் அன்றைக்கு எனக்கு ஒரே கொண்டாட்டம்.

காரணம் இதுதான். என் வீட்டுக்காரர் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்க்கிறார். அது சோற்றுக்கு. உயிரெல்லாம் எங்கள் பகுதி கால்பந்து கிளப்பில். சம்பளம் இல்லாத கோச். எங்கள் ஊர் ஹாக்கிக்குப் பேர் போன ஊர், பந்தைக் காலால் உதைத்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கிளப்பின் ரசிகர்கள் மொத்தப் பேரையும் ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அந்த வருஷம் மாவட்ட லீக்கில் தோல்விக்கு மேல் தோல்வி. கடைசி மேட்ச் ஒன்றுதான் பாக்கி. அதிலும் தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். மனிதர் நொந்துபோய், "இன்னைக்கு ராத்திரி ரசிகர் கூட்டத்துல வெலகிக்கிடுதேன்னு சொல்லிருதேன்" என்று காலையில் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு இனிமேல் நான் தனியாகப் போகவேண்டாமே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பின் சீட்டிலிருந்து ஒரு கனத்த குரல். "இந்தக் கோச்ச இன்னைக்குத் தூக்கிரணும்லே!"

மெல்லத் திரும்பிப் பார்த்தேன். மடியில் பை நிறைய கடலைமிட்டாயுடன் ஒரு அண்ணாச்சி. பக்கத்தில் வேலை முடிந்து டிபன் கேரியரோடு வருகிற ஒரு இளைஞர். நான் மைதானத்துப் பக்கமே போனதில்லை, அதனால் இருவருக்கும் என்னைத் தெரியாது.

"போன மேட்ச்ச நெனச்சா இன்னும் வயிறு எரியுது. மழ பெஞ்ச கரிசல்ல ஒரு பக்கக் கோலுக்கு மட்டும் யாராவது சரள் போடுவானா? மொதப் பாதியில நம்ம கீப்பர் ஜம்முனு நின்னான். சைடு மாறுனதும் சரள் அவனுவளுக்கு, சகதி நமக்கு! நம்ம பய காலப் பிடுங்குததுக்குள்ள கோலு உள்ள போயிட்டு."

"சைடு மாறும்னு மறந்துட்டாரு போல அண்ணாச்சி."

"அத மறக்குத ஆளு எதுக்குலே கோச்சு?"

எங்கள் கரிசல் மண் அப்படி. மழை பெய்தால் பூட்ஸோடு அப்பிக்கொண்டு காலை விடாது. அதனால்தான் கோல் முன்னால் சரள் மண்ணைக் கொட்டி நிரவுவார்கள். அதைத்தான் அவர் ஒரு பக்கம் மட்டும் செய்தார் என்று இருவரும் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டு வந்தார்கள். நானும் வீட்டில் அவரைத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் அடுத்தவர் திட்டும்போது எங்கிருந்துதான் அந்த ரோஷம் வந்ததோ, சடாரென்று திரும்பிவிட்டேன்.

"ஒண்ணும் மறக்கல அண்ணாச்சி! ரெண்டாவது லோடு டிராக்டரோட கரிசல்ல பொதஞ்சு போச்சு. சட்டியில அள்ளிக் கொண்டுபோயிக் கொட்டுனாவ. ஒத்தையாளு எம்புட்டுத்தான் சுமப்பாவ? திரும்ப மழ பிடிச்சு, கொட்டுன சரளும் சகதிக்குள்ள போயிட்டு."

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அந்தச் சகதிப் பேண்ட்டத் தொவச்சவ நாந்தான்!"

அவ்வளவுதான். இளைஞர் டிபன் கேரியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். கண்டக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் முன்பக்கம் போய்விட்டார். நான் விடவில்லை. "நீங்க ஒண்ணும் தூக்க வேண்டாம். அவியளே இன்னைக்கு வெலகப் போறாவ."

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அண்ணாச்சிக்கு முகமே செத்துவிட்டது.

"வெலகப் போறாவளா? அப்ப நாங்க யாரத் திட்ட?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதம்மா. விடியுததுக்கு முந்தி பயலுவள எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போக வேற எவன் வருவான்? நான் வருவனா, இவன் வருவானா?"

இளைஞர் தலையை ஆட்டினார். பிறகு அண்ணாச்சி பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து என்னிடம் நீட்டினார். "பிடி. பயலுவளுக்கு வாங்குனது. தோத்தாலும் செயிச்சாலும் மேட்ச்சன்னைக்கு நாந்தான் கொடுப்பேன்." வாங்கிக் கடித்தேன். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்காரர் பைக்கோடு நின்றிருந்தார், வாடிப்போன முகத்தோடு. நான் இறங்குவதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"ஏன் சார், டிராக்டர் பொதஞ்சா ஒரு போன் அடிக்கக் கூடாதா? நாங்கெல்லாம் செத்தா போயிட்டோம்?"

இவர் திருதிருவென்று விழித்தார். "இல்ல அண்ணாச்சி, தோத்துக்கிட்டே இருக்கோம். எல்லாரும் கடுப்புல இருப்பீங்கன்னு..."

"கடுப்புலதான் இருக்கோம். அதுக்காக மண்ணு சுமக்க மாட்டமா?"

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்து, இவர் காதோரம் சொன்னேன். "கூட்டத்துல போயி வெலகுதேன்னு சொன்னியன்னா, அப்புறம் வீட்டுப் பக்கம் வராதிய!"

கடைசி மேட்ச்சுக்கு முந்தின நாளும் நல்ல மழை. மறுநாள் விடிந்ததும் அத்தனை ரசிகர்களும் சட்டியோடு வந்து நின்றார்கள். டிராக்டரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, வரிசையாகக் கைமாற்றி, இரண்டு பக்கக் கோலுக்கும் சரள் போட்டோம். ஆமாம், நானும்தான். மேட்ச் ஒன்றுக்கு ஒன்று என்று டிராவில் முடிந்தது. தோற்கவில்லை, கிளப் தப்பித்தது! விசில் ஊதியதும் ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக் கும்மாளம். அண்ணாச்சி மட்டும் இவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தார். "ஒரு கோலு போட்ட பெறவு எதுக்கு எல்லாப் பயலையும் பின்னால இழுத்தீரு? செயிச்சிருக்கலாம்லா!" இவர் முழங்கால்வரை சகதியோடு நின்று, சிரித்துக்கொண்டே அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டார்.

இப்போதும் பூசைக்கு நான் தனியாகத்தான் போகிறேன். முடிந்ததும் நேரே மைதானம். தூரத்தில் வரும்போதே யாராவது என் வீட்டுக்காரரைத் திட்டுகிற சத்தம் காதில் விழுந்தால், அப்பாடா, எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று மனசு நிறைந்துபோகிறது.